ரூம் நிரம்பினால்தான் பணம்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் என்று தங்கச்சி போனில் சொன்னாள்.

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்குப் பணம் கேட்டு நீ எழுதிய விண்ணப்பத்தைப் படித்தேன். தயவுசெய்து அதை அப்படியே ஆஸ்டின் பக்கத்து ரவுண்ட் ராக் நகராட்சிக்கு அனுப்பிவிடாதே. பறையாட்டம், கோலம், தொன்மை எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. பத்தாயிரம் டாலர் கேட்கிற விண்ணப்பத்தில் 'ஹோட்டல்' மட்டும் ஓரிடத்திலும் இல்லை!

நீங்கள் கேட்பது ஹோட்டல் வரிப் பணம். டெக்சாஸில் அறை வாடகையில் மாநிலம் 6 சதவீதம் எடுக்கும். அதற்கு மேல் நகரம் பொதுவாக 7 சதவீதம் வரை போடலாம். நகரத்தின் பங்கை நகராட்சியின் பொதுச் செலவுக்கு எடுக்கக் கூடாது. ரோடு போடவோ போலீஸ் சம்பளத்துக்கோ அதைத் தொட முடியாது. வரிச் சட்டத்தின் 351ஆம் அத்தியாயம் இரண்டு கேள்வி கேட்கிறது. செலவு சுற்றுலாவையும் மாநாட்டு, ஹோட்டல் தொழிலையும் நேரடியாக வளர்க்கிறதா? சட்டம் சொல்லும் இனங்களில் (மாநாட்டு மையம், பிரதிநிதிகள் பதிவு, விளம்பரம், கலை, வரலாற்றுச் சின்னம் என்று போகும்) ஒன்றில் அடங்குகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் காசு. "நாம கலை, அது போதும்" என்று உங்கள் சங்கத்துக் காரைக்குடியார் சொல்வதை நம்பாதே. பெரும்பாலான ஊர்களில் கலைக்கு மொத்த வசூலில் 15 சதவீதம்தான் உச்சவரம்பு. அதற்குள் நாடகக் குழுவும் ஓவியக் கூடமும் ஏற்கெனவே வரிசையில் நிற்கும்.

கணக்கைப் பார். வெளியூர்க்காரர் 60 அறையில் இரண்டு இரவு தங்கினால் 120 ரூம் நைட் (ஓர் அறைக்கு ஓர் இரவு என்ற கணக்கு). ஓர் இரவு வாடகை 120 டாலர் என்று வைத்தால் மொத்தம் 14,400 டாலர். அதில் நகரத்தின் 7 சதவீதம் 1,008 டாலர். நீங்கள் கேட்பதோ பத்தாயிரம். கவுன்சிலில் யாராவது கால்குலேட்டரைத் தட்டினால் பதில் சொல்ல முடியாது. விருந்தினர் சாப்பாட்டில் நகரத்துக்கு விற்பனை வரி வருவது உண்மைதான், ஆனால் அது இந்தக் கணக்கில் சேராது. ஆயிரம் டாலரை ஒட்டிக் கேளுங்கள். அதையும் ஹூஸ்டன், டாலஸ் விளம்பரத்துக்கு என்றே கேளுங்கள். சாப்பாட்டுக்கும் பாடகர் விமான டிக்கெட்டுக்கும் சங்கத்துக் காசையே போடுங்கள்.

நிகழ்ச்சி நிரலை மாற்றாமல் இது நடக்காது. மாலை ஆறு மணிக்கு முடிகிற ஒருநாள் விழாவுக்கு யார் ரூம் போடுவார்கள்? சான் அன்டோனியோக்காரர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். ஜனவரி மூன்றாவது திங்கள் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை, அதை ஒட்டிய சனி ஞாயிறைப் பிடியுங்கள். திருக்குறள் போட்டியின் முதல் சுற்று சனி பிற்பகல், இறுதிச் சுற்று ஞாயிறு காலை ஒன்பதுக்கு. பிள்ளை இறுதிக்குத் தேறிவிட்டால் அம்மா அப்பா கட்டாயம் தங்குவார்கள்.

ஹோட்டல் எந்த ஊர் எல்லைக்குள் என்று முதலில் பார். அரங்கம் ரவுண்ட் ராக்கில் இருக்க, கூட்டம் கொஞ்சம் தள்ளி ஆஸ்டின் எல்லைக்குள் தங்கினால் நகர வரி முழுக்க ஆஸ்டினுக்குப் போய்விடும். ரூம் பிளாக் (விழாவுக்கு என்று மொத்தமாக ஒதுக்கி வைக்கும் அறைகள்) எடுக்கும்போது ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச நிரப்பு விதியைத் தேடு. 80 சதவீதம் என்று எழுதியிருந்தால் 60 அறையில் 48 நிரம்பியாக வேண்டும், இல்லாவிட்டால் மிச்ச வாடகை சங்கத்தின் தலையில். முதல் தடவை 25 அறை போதும், நிரம்பினால் கூட்டிக்கொள்ளலாம். பாதிப்பேர் மலிவாகக் கிடைக்கிறது என்று ஏதாவது ஆப்பில் போடுவார்கள், அவர்கள் பிளாக் கணக்கில் வரமாட்டார்கள். பதிவுப் படிவத்திலேயே ஜிப் கோடு, எந்த ஹோட்டல், எத்தனை இரவு என்று கேட்டுவிடு.

பணம் கிடைத்தால் எழுத்து ஒப்பந்தம், தனி வங்கிக் கணக்கு, காலாண்டுக்கு ஒருமுறையாவது செலவு அறிக்கை, இத்தனையும் வரும். பொருளாளரிடம் இப்போதே சொல்லிவிடு. பல ஊர்களில் நிதியாண்டு அக்டோபர் 1ல் தொடங்குகிறது. ஜனவரி விழாவுக்கு முந்தைய கோடையிலேயே விண்ணப்பம் போயாக வேண்டும்.

மாப்ளே, இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தகுதியில்லாத செலவுக்கு நகரம் தவறிப்போய்க் கொடுத்துவிட்டால், கேள்வி கேட்கும் முதல் ஆள் ஹோட்டல்காரர்தான், வாடிக்கையாளரிடம் வசூலித்துக் கட்டுபவர் அவர். அடுத்த வருஷம் நம்மைப் போன்ற சின்னச் சங்கங்களுக்கெல்லாம் சேர்த்துக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

திருத்திய பட்ஜெட்டையும் ஹோட்டல் தரும் ரூம் பிளாக் கடிதத்தையும் எனக்கு அனுப்பு. காரைக்குடியாரிடம் பக்குவமாகச் சொல், கோபித்துக்கொள்ளப் போகிறார்.

அன்புடன்,
உன் மச்சான்