நெதர்லாந்தில் கார் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு: சாலை வரி உங்கள் பெயரைத் தேடி வரும்

அன்பு நண்பர்களே,

வேலை முடிந்து ஊர் திரும்புகிறவர் தன் காரை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, "பேரை அப்புறம் மாத்திக்கலாம், இப்போதைக்கு நீங்க ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறார். சென்னை போன பிறகு, வரி கட்டவில்லை என்ற கடிதம் அவர் பெயருக்கு வந்து பழைய வீட்டு அஞ்சல் பெட்டியில் கிடக்கிறது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கதை வேறு வேறு ஆட்களோடு திரும்பத் திரும்ப வருகிறது. தயவுசெய்து இப்படிப் பெயர் மாற்றாமல் காரைக் கொடுப்பதை நிறுத்துங்கள். ஆம்ஸ்டெல்வீன், ஐந்தோவன், டென் ஹாக், உட்ரெக்ட் என்று எங்கே இருந்தாலும் சரி, கார் வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் வராது: ஆர்.டி.டபிள்யூ என்கிற வாகனப் பதிவு ஆணையத்தின் பதிவேட்டில் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ, வரி அவர் தலையில்தான். வண்டி ஓடியதா, யார் ஓட்டினார், ஓடாமல் தெருவில் நின்றதா என்பதை யாரும் கேட்கப் போவதில்லை. 1995 ஏப்ரலிலிருந்து இங்கே இது வண்டியைப் பெயரில் வைத்திருப்பதற்கான வரி.

நமக்கு இது பிடிபடத் தாமதமாவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கார் வாங்கும்போதே லைஃப் டாக்ஸ் சேர்த்து ஷோரூமில் கட்டிவிடுவோம், அதோடு அந்த நினைப்பே போய்விடும். இலங்கையிலிருந்து வந்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வருமான அனுமதிப்பத்திரம் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிப் பழகியவர்கள். இங்கே ஒட்டுவதற்கு எதுவும் கிடையாது, விண்ணப்பமும் கிடையாது. கார் உங்கள் பெயருக்கு மாறிய அந்த நொடியே நீங்கள் வரிக்குப் பதிவு செய்ததாகக் கணக்கு. சில வாரத்தில் வரித்துறையான பெலாஸ்டிங்டீன்ஸ்டிடமிருந்து நீலக் கவர் வரும், உள்ளே எல்லாம் டச்சில் இருக்கும். புரியாத மொழி என்று அதைப் பிரிக்காமல் ஷூ ரேக் மேல் வைத்துவிடுகிறோம், அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது.

அந்தக் கவரைப் பிரித்தால் பார்க்கவேண்டியது கொஞ்சம்தான். எந்த மூன்று மாதத்துக்கான வரி, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், அப்புறம் 16 இலக்கப் பணக் குறிப்பு எண். பணம் அனுப்பும்போது அந்த எண்ணை ஓர் இலக்கம் பிசகாமல் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டுவது கஷ்டம் என்றால், வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாக எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுக்கலாம். புதிதாக வந்தவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்த மாதக் கட்டுமுறைதான், மறக்கவே வாய்ப்பில்லை. கட்டாமல் விட்டால் அபராதம் சேர்ந்து அடுத்த கடிதம் வரும்.

எவ்வளவு வரும் என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியும் என்பது பலருக்குத் தெரியவில்லை, எனக்கு அதுதான் பெரிய ஆதங்கம். பழைய கார் பார்க்கப் போகிறீர்களா, விற்பனையாளர் முன்னாலேயே போனை எடுத்து ஆர்.டி.டபிள்யூ தளத்தில் நம்பர் பிளேட்டை அடியுங்கள். பணம் எதுவும் கேட்காது. வண்டியின் காலி எடை, எரிபொருள், முதல் பதிவுத் தேதி எல்லாம் வந்துவிடும். அந்த எடையையும் எரிபொருளையும் எடுத்துக்கொண்டு வரித்துறை தளத்தில் உள்ள கணக்கியில் போட்டு உங்கள் மாகாணத்தைத் தேர்ந்தெடுத்தால் மூன்று மாதத் தொகை கண்முன்னே நிற்கும். ஒரே எடையுள்ள பெட்ரோல் காரையும் டீசல் காரையும் போட்டுப் பாருங்கள், டீசலுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டும். புகை வடிகட்டி இல்லாத பழைய டீசலாக இருந்தால் 2020-இலிருந்து அதற்கு மேல் ஒரு கூடுதல் வரியும் உண்டு. "டீசல் மைலேஜ் நல்லா தரும்" என்ற ஊர்க் கணக்கை வைத்துக்கொண்டு, அலுவலகத்துக்கு ரயிலில் போய்வருகிற ஒருவர் பெரிய டீசல் வண்டி வாங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

மாகாணம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். மத்திய அரசின் வரிக்கு மேல் 12 மாகாணங்களும் தங்களுக்கென்று ஒரு பங்கு சேர்க்கின்றன. நோர்ட்-ஹாலந்து நீண்ட காலமாகக் குறைவாக வாங்கும் மாகாணம், சவுத்-ஹாலந்து அதிகமாக வாங்குபவற்றில் ஒன்று. ஆம்ஸ்டெல்வீனிலிருந்து டெல்ஃப்டுக்கு வீடு மாறினால் அதே காருக்கு அதிக வரி. நகராட்சியில் முகவரி மாற்றினால் போதும், தகவல் தானாகப் போய்விடும்.

மின்சார கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். 2024 முடிவு வரை உங்களுக்கு வரியே இல்லாமல் இருந்தது. 2025-இல் கால் பங்கு மட்டும். 2026-இலிருந்து தள்ளுபடி 30 சதவீதமாகக் குறைந்துவிட்டது, அதாவது 70 சதவீதம் கட்டவேண்டும். வரி எடையை வைத்துப் போடப்படுகிறது, பேட்டரியோ கனம், ஆகவே மீதித் தொகை சிறியதாக இருக்காது. "வரி இல்லை" என்று பழைய விளம்பரத்தைக் காட்டி யாராவது விற்றால் நம்பாதீர்கள். பிளக்-இன் ஹைப்ரிட் காருக்கு 2026-இலிருந்து தள்ளுபடியே இல்லை. இன்னொன்று, நம் ஐ.டி. நண்பர்கள் பலர் சம்பளத்தில் அனுபவிக்கும் 30 சதவீதச் சலுகைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அது வருமான வரி விஷயம், கார் வரியில் அதைக் காட்டி எதுவும் குறைக்க முடியாது. கார் லீசில் இருந்தால் வரியை வழக்கமாக லீஸ் நிறுவனமே கட்டும், மாதத் தொகைக்குள் அதுவும் இருக்கும்.

ஜெர்மனியிலிருந்தோ பெல்ஜியத்திலிருந்தோ வேலை மாறி, காரையும் ஓட்டிக்கொண்டு வந்தவர்களே, அந்த நாட்டு நம்பர் பிளேட்டோடு இங்கே வருடக்கணக்கில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நகராட்சியில் பெயர் பதிந்து இங்கே குடியிருக்கத் தொடங்கிவிட்டால் வரிக்கடமையும் தொடங்கிவிடுகிறது. பிடிபட்டால் பதிந்த நாளிலிருந்தே கணக்குப் போட்டுக் கேட்பார்கள். முதல் பதிவுக்கான பெரிய வரி ஒன்றும் உண்டு. குடிபெயர்ந்து வருகிறவர்களுக்கு அதில் விலக்கு கேட்க வழியிருக்கிறது, வந்ததும் முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

இரண்டு மூன்று மாதம் ஊருக்குப் போகிறவர்கள், நாம் இல்லாத நாளுக்கு ஏன் வரி என்று கேட்பது நியாயமான கேள்வி. மாதத்தில் இரண்டு தடவை மட்டும் கார் எடுப்பவரும் தினமும் ராட்டர்டாம் போய்வருபவரும் ஒரே தொகை கட்டுவது சரியில்லை என்பதே என் எண்ணம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மாற்றும் திட்டம் 2010-இல் கைவிடப்பட்டது, 2030-இலிருந்து கொண்டுவருவோம் என்று 2021 கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதியதும் கிடப்பில் போய்விட்டது. இப்போதைக்கு இருக்கும் ஒரே வழி, ஆர்.டி.டபிள்யூவில் ஒரு கட்டணம் கட்டி வண்டியின் பதிவை நிறுத்திவைப்பது. அரசுத் தளங்களில் நுழைவதற்கான டிஜிடி கணக்கு இருந்தால் வீட்டிலிருந்தே செய்துவிடலாம். அந்தக் காலத்துக்கு வரியும் இல்லை, காப்பீட்டுக் கட்டாயமும் இல்லை. ஆனால் வண்டி பொதுச் சாலையில் நிற்கவே கூடாது, வீட்டுக்கு எதிரே பர்மிட் வாங்கி நிறுத்தும் இடமும் பொதுச் சாலைதான். சொந்த கராஜோ வீட்டு வளாகத்துக்குள் இடமோ இல்லாதவர்கள் இதைச் செய்யாதீர்கள். விட்ட வரியும் அபராதமும் சேர்ந்து வரும்.

இப்போது மறுபடி அந்த ஊர் திரும்புகிற நண்பருக்கு வருகிறேன். நகராட்சியில் பெயரை நீக்கிவிட்டால் காரும் நீங்கிவிடும் என்று நினைக்காதீர்கள், இரண்டும் வேறு வேறு பதிவு. காரை யாருக்குக் கொடுப்பதானாலும், தம்பிக்கே கொடுப்பதானாலும், இருவரும் சேர்ந்து பெயர் மாற்றும் கவுண்டருக்குப் போங்கள். பதிவு அட்டையையும் அதற்குரிய 9 இலக்கக் குறியீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், குறியீட்டைக் காணோம் என்றால் புதிது கேட்டு வாங்க நாளாகும், கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். வாங்குகிறவர் தன் அடையாள அட்டையைக் காட்டியதும், இனி இந்த வண்டிக்கு நீங்கள் பொறுப்பல்ல என்று ஒரு தாள் உங்களிடம் கொடுப்பார்கள். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகுதான் சாவியைக் கொடுக்கவேண்டும். காப்பீட்டை அதற்கு முன் ரத்து செய்யாதீர்கள், காப்பீடில்லாத வண்டியைத் தெருவில் பார்க்காமலே, பதிவேட்டைச் சரிபார்த்தே அபராதம் அனுப்புகிறார்கள். முன்கூட்டிக் கட்டிய வரியில் மீதி நாட்களுக்கான பணம் தானாகத் திரும்ப வரும், அது வரும்வரை இங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் வாட்ஸ்அப் குழு நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வருகிறவர்களுக்கு வீடு, பள்ளி, மளிகைக் கடை எல்லாம் சொல்லித் தருகிறீர்கள், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பொங்கல் விழாவில் மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசை போட்டால் போதும். நீலக் கவரோடு வருகிறவர்கள் உட்கார்ந்து பிரித்துப் படிக்கட்டும், கார் வாங்க நினைப்பவர்கள் நம்பர் பிளேட்டை அடித்து வரியைப் பார்க்கட்டும். லேப்டாப்பை நானே கொண்டுவருகிறேன், டச்சு நன்றாகப் படிக்கத் தெரிந்த இன்னொருவர் கூட உட்கார முன்வந்தால் போதும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்