கோழியைக் கேவலமாகப் பேசலாமா?

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

சென்ற இதழின் தியானப் பக்கத்தில் "கோழியைப்போலக் குப்பையைக் கிளறாதே, கழுகைப்போல உயரப் பற, உன் தேவன் கழுகு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. எழுதியவர்மேல்கூட இல்லை, அதைப் பார்த்தும் திருத்தாமல் விட்ட உங்கள்மேல்தான் வருத்தம். மத்தேயு 23:37 உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழே சேர்ப்பதுபோல உன் பிள்ளைகளைச் சேர்க்க எத்தனைதரமோ மனதாயிருந்தேன் என்று எருசலேமைப் பார்த்து ஆதங்கப்பட்டவர் யார்? இயேசு தமக்கென்று எடுத்துக்கொண்ட பறவை அந்தக் கோழிதான்.

லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இது இன்னும் அழுத்தமாக வருகிறது. ஏரோது உம்மைக் கொல்லப் பார்க்கிறான் என்று பரிசேயர் வந்து சொன்னதும் அவனை நரி என்கிறார். இரண்டே வசனம் தள்ளித் தம்மைக் கோழி என்கிறார். நரி வருகிறது என்று தெரிந்தே கோழி என்று சொல்லிக்கொண்டவர் அவர். கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இது எங்கே போய்த் தைக்கும் என்று தெரியும்.

எங்கள் அம்மா முட்டை விற்ற காசில்தான் நான் பத்தாவது வரை படித்தேன். ஒரு ஐப்பசி ராத்திரி பஞ்சாரம் போட்டுக் கவிழ்க்க மறந்துவிட்டோம், விடிய விடிய மழை. காலையில் பார்த்தால் வேலியோரம் தாய்க்கோழி தொப்பலாக நனைந்து, சிறகைப் பரப்பி, தரையோடு தரையாகக் கிடந்தது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தோம். அம்மா தூக்கினாள், அடியிலிருந்து ஒன்பது குஞ்சும் ஈரம் படாமல் ஓடின. "அவர் தமது சிறகுகளாலே உன்னை மூடுவார்" என்று 91ஆம் சங்கீதம் வாசிக்கிற போதெல்லாம் எனக்கு அந்த வேலியோரம்தான் கண்ணில் வரும். குப்பையைக் கிளறுவதும் குஞ்சுக்குப் புழு எடுத்துக் கொடுக்கத்தான் ஐயா.

சரி, கழுகுக்கு வருவோம். கழுகு நாற்பது வயதில் மலை உச்சிக்குப் போய் அலகை உடைத்து, இறகைப் பிடுங்கி, மறுபடி இளமையாகிறது என்ற கதையை நீங்கள் முன்னாலேயே இரண்டு தடவை போட்டீர்கள். இரண்டு தடவையும் கடிதம் எழுதினேன், ஒன்றும் வெளிவரவில்லை. அலகை உடைத்துக்கொண்ட பறவை எதைத் தின்று மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்? 103ஆம் சங்கீதத்தில் வாலவயது திரும்புவதைப் பற்றி இருக்கிறது, அலகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழைய இறகு உதிர்ந்து புதிது முளைப்பது எல்லாப் பறவைக்கும் உள்ளதுதான், கோழிக்கும் உண்டு. கழுகைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள் என்று ஏசாயா 40இல் வருவது கர்த்தருக்குக் காத்திருக்கிற ஜனங்களைப் பற்றி. கர்த்தரைக் கழுகுக்கு ஒப்பிடுகிற உபாகமம் 32:11ஐ எடுத்துப் பாருங்கள், அங்கே அது கூட்டைக் கலைத்து, குஞ்சுகளின்மேல் அசைவாடி, அவற்றைச் சுமக்கிற கழுகு. உயரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கோழி செய்கிற அதே வேலை.

பெரிய மிருகம் என்றால்தான் தேவனுக்குப் பொருந்தும் என்கிற எண்ணம் எங்கள் சபையிலும் உண்டு. சில வருடங்களுக்கு முன் பெண்கள் கூட்டத்தில் நான் ஓசியா 5:12 வாசித்தேன், "நான் எப்பிராயீமுக்குப் பொட்டரிப்பைப்போல" இருப்பேன் என்று கர்த்தரே இஸ்ரவேல் ஜனத்துக்குச் சொல்கிற வசனம். பொட்டரிப்பு என்றால் துணியை அரிக்கிற பூச்சி. ஆண்டவரைப் பூச்சி என்று சொல்லலாமா அம்மா என்று எல்லார் முன்னாலும் உட்காரச் சொல்லிவிட்டார்கள். பெட்டியில் வைத்த பட்டுச் சேலை வெளியே பார்க்க நன்றாக இருக்கும், பிரித்தால் மடிப்போடு உதிரும். அந்த ஜனத்தின் நிலைமை அதுதான் என்று சொல்ல வந்தேன், சொல்ல விடவில்லை. இன்றுவரை அது ஆறவில்லை. அதே ஓசியாவில் 13ஆம் அதிகாரத்தில் அவர் சிங்கம், சிவிங்கி, குட்டியைப் பறிகொடுத்த கரடி, 14இல் பனி, பச்சையான மரம். எந்த வேளையில் என்ன செய்கிறார் என்பதற்குத்தான் ஒவ்வொரு படமும். சிங்கம் என்பது கௌரவப் பட்டம் என்றால் 1 பேதுரு 5:8இல் பிசாசுக்கும் அதே பேர் ஏன் வருகிறது? வெளிப்படுத்தின விசேஷம் 5இல் இயேசுவைப் பற்றி யோவானுக்கு யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று சொல்லப்பட்டது, அவர் பார்த்ததோ ஆட்டுக்குட்டி.

முப்பது வருடமாகச் சந்தா கட்டுகிறவள் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில், தியானப் பக்கத்திலேயே, மத்தேயு 23:37ஐ முழுசாகப் போடுங்கள். விளக்கம் ஏதும் வேண்டாம், அதே கொட்டை எழுத்தில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
பழைய வாசகி ஒருத்தி