புதுப்பிக்கப்படும் தெருவில் பழைய கடை நீடிக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நலிந்துபோன நகரப் பகுதிகளைப் புதுப்பிக்கும் திட்டங்கள் பற்றிய செய்திகளில் நடைபாதைக்கும் மின்விளக்குக்கும் பூங்காவுக்கும் ஒதுக்கப்படும் தொகை தவறாமல் இடம்பெறுகிறது. அத்தெருக்களில் ஏற்கெனவே தொழில் நடத்திவரும் சிறுகடைக்காரர்களும் உணவகக்காரர்களும் பணி முடிந்த பிறகு அங்கேயே இருப்பார்களா என்ற கேள்வியைத்தான் யாரும் எழுப்பக் காணோம்.

ஒரு பகுதி வெறிச்சோடிக் கிடக்கும்போது அங்கே கடை திறக்கத் துணிபவர் பெரும்பாலும் கையிருப்பையும் கடனையும் நம்பி வரும் தனி வணிகரே. பல கிளைகள் கொண்ட நிறுவனம் ஆள்நடமாட்டத்தைக் கணக்கெடுத்து, அது போதுமான அளவுக்கு வந்த பிறகே உள்ளே நுழைகிறது. அந்த நடமாட்டத்தை உண்டாக்கி, அதனால் வாடகை ஏறக் காரணமாக இருந்தவரே, ஏறிய வாடகையைக் கட்ட முடியாமல் முதலில் வெளியேறுகிறார். புதிய கிளை இரண்டு ஆண்டுகள் நட்டத்தில் ஓடினாலும் மற்றக் கிளைகளின் லாபம் அதைத் தாங்கும். ஒற்றைக் கடைக்கு அந்த வசதி கிடையாது.

உணவகத்தின் நிலை இன்னும் இக்கட்டானது. துணிக்கடைக்காரர் சரக்கை மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் பார்க்கலாம். உணவகம் நடத்துபவர் போட்ட முதலில் பெரும்பகுதி புகைபோக்கியாகவும் கழிவுநீர்க் குழாயாகவும் சமையற்கட்டுத் தளமாகவும் அந்தக் கட்டடத்தோடு கலந்துவிடுகிறது. ஒப்பந்தம் முடியும் நாளில் உரிமையாளர் எவ்வளவு கேட்டாலும் இவரால் எளிதில் எழுந்து போக முடியாது என்பது இரு தரப்பினருக்கும் தெரியும். ஆகவேதான், ‘அருகிலுள்ள சிறுகடைகளில் வாங்குங்கள்’ என்று மக்களுக்கு விடுக்கப்படும் வேண்டுகோளால் மட்டும் நிலைமை மாறாது என்கிறேன். கூடுதலாகக் கிடைக்கும் வருமானம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வாடகையாக மாறி உரிமையாளரின் கைக்குப் போய்விடுகிறது. (அந்த வேண்டுகோளை ஏற்று நடப்பவன் என்பதால் இதைச் சற்று வருத்தத்துடனேயே எழுதுகிறேன்.)

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பிரான்சில் வணிகக் குத்தகையின் குறைந்தபட்சக் காலம் 9 ஆண்டுகள். தக்க காரணமின்றிப் புதுப்பிக்க மறுக்கும் உரிமையாளர், வெளியேறும் வணிகருக்கு இழப்பீடு தர வேண்டும். தென்கொரியாவில், குத்தகையைப் புதுப்பிக்கக் கோரும் உரிமை 2018-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் 5 ஆண்டுகளிலிருந்து 10 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. பாரிஸ் நகராட்சி ஒருபடி மேலே போய், பூட்டிக் கிடந்த தரைத்தளக் கடைகளைத் தன் நிறுவனம் ஒன்றின் வழியாக 2004 முதல் வாங்கி, தனி வணிகர்களுக்கு வாடகைக்கு விட்டது. எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது சான் பிரான்சிஸ்கோவின் ஏற்பாடு. அங்கு 2015-இல் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த நிதியத்திலிருந்து, 30 ஆண்டுகளாக நடந்துவரும் கடைகளுக்கு மட்டுமல்லாமல், அவற்றுக்குக் குறைந்தது 10 ஆண்டுக் குத்தகை வழங்கும் கட்டட உரிமையாளருக்கும் மானியம் கிடைக்கும் வகையில் திட்டம் வகுக்கப்பட்டது. உரிமையாளரை எதிரியாகப் பாராமல், நீண்ட குத்தகையை அவருக்கும் லாபமானதாக ஆக்கியதில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது.

வாடகையை அப்படியே உறைய வைக்க வேண்டும் என்று நான் கோரவில்லை. அப்படிச் செய்தால் உரிமையாளர் பழுதுபார்ப்பதை நிறுத்திவிடுவார், கட்டடம்தான் பாழாகும். பழைய கடை என்ற ஒரே காரணத்துக்காக எல்லாக் கடைகளையும் தாங்கிப் பிடிக்கவும் தேவையில்லை. வாடிக்கையாளரை மதிக்காத கடை மூடப்பட்டால் நான் கண்ணீர் விடப் போவதில்லை. ஆனால் மக்களின் வரிப்பணத்தில் தெரு சீராகும்போது, உரிமையாளர் ஒரு காசும் செலவிடாமலேயே அவருடைய சொத்தின் மதிப்பு உயர்கிறது. அந்த ஆதாயத்துக்கு ஈடாக அவரிடம் எதையேனும் கேட்பது நியாயமே. முகப்பைச் சீரமைக்க மானியமோ வரிச்சலுகையோ பெறும் உரிமையாளர், தற்போதைய வாடகைதாரருக்கு நீண்டகால ஒப்பந்தத்தையும், ஆண்டுதோறும் வாடகை எந்த அளவுக்கு உயரும் என்பதை முன்கூட்டியே குறிப்பிடும் விதியையும் எழுத்தில் தர வேண்டும் என்பதை நிபந்தனையாக்கலாம்.

தெருவைத் தோண்டிப் போடும் காலத்தையும் மறந்துவிடக் கூடாது. வேலியைச் சுற்றிக்கொண்டு வரச் சலித்துப்போன வாடிக்கையாளர் சில மாதங்களில் வேறு கடைக்குப் பழகிவிடுகிறார். பணி முடிந்த பின்னும் அவர் திரும்பி வருவார் என்பதற்கு உறுதியில்லை. பணியைப் பகுதி பகுதியாகச் செய்வதும், அக்காலத்துக்கு உரிமக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதும் நகராட்சிக்குப் பெரிய செலவாக இராது.

திட்ட அறிக்கை தயாராகும்போதே அத்தெருவில் உள்ள ஒவ்வொரு கடையையும் உணவகத்தையும், அவற்றின் குத்தகை முடியும் நாளுடன் கணக்கெடுத்துப் பட்டியலிட வேண்டும். பணி முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து, அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்பதை, செலவுக் கணக்கோடு சேர்த்து நகராட்சி வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்