பாப்பாவுக்கு, சைக்கிள் விஷயமா

பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க எல்லாரும் சொகம், அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு, மழை இன்னும் சரியா விழல, ராயவரத்துல வேற விசேசம் ஒண்ணும் இல்ல. போன்லயே சொல்லிருக்கலாம். ஆனா நீ இப்பல்லாம் எப்ப எடுத்தாலும் ஸ்பீக்கர்ல போட்டுர்ற, எனக்கு ஸ்பீக்கர்ல பேச வரமாட்டேங்குது, சொல்ல வந்தது பாதியிலயே நின்னு போகுது, வாட்சப்புல போட்டா யாரு எடுத்துப் படிப்பாகளோ தெரியல. அதான் சித்தி மக கையில குடுத்து விடுறேன். கதவத் தெறந்தது நீயா இருந்தா மட்டும் குடு, வேற யாரா இருந்தாலும் வளையல் குடுத்துட்டுப் போக வந்தேன்னு சொல்லிருன்னு சொல்லிருக்கேன். அதுக்காக ரெண்டு சோடி வளையலும் வாங்கி வச்சிருக்கேன், போட்டுக்க.

ஸ்கூட்டிய வித்தாச்சுன்னு நீ சொன்னப்ப நான் சரின்னு மட்டும்தான் சொன்னேன். ஏன் வித்தீங்க, யாரு விக்கச் சொன்னா, அந்தக் காசு எங்க, எதையும் நான் கேக்கல, இப்பவும் கேக்கல. அப்பா சீட்டு எடுத்து வாங்குன வண்டி, ஆர்சி புக்கு உன் பேருல இருந்துச்சு, கையெழுத்து நீதான் போட்டிருப்ப, யோசிச்சுத்தான் போட்டிருப்ப. ஆனா "வீட்டுலயேதான இருக்கேன், வண்டி எதுக்கும்மா"ன்னு ஒண்ணு சொன்ன பாரு. அது மட்டும் ராத்திரி படுத்தா காதுக்குள்ள வந்து உக்காந்துக்குது. வீட்டுலயே இருக்குற ஆளா நீ? ப்ளஸ் ஒன்னுல கவர்மெண்டு சைக்கிள் வந்தப்ப லைட்டு இல்லாத ரோட்டுல திருமயம் டியூசனுக்குப் போயிட்டு தனியா வந்த புள்ள, வாசல்ல நின்னு நான் திட்டுனா "நீ ஓட்டலையா"ன்னு என்னையே மடக்குன புள்ள. சரி விடு. நான் ஒண்ணும் கேக்கல.

கொட்டகையில கெடந்துச்சுல்ல என் ஹெர்குலிஸ், அத வெளிய இழுத்துப் போட்டு ரெடி பண்ணிட்டேன். சிரிக்காத. அப்பாவும் மொதல்ல சிரிச்சாக, இரும்புக் கடையில போட்டா சாயங்காலம் வடைக்கு ஆவும்னாக. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் யாவாரம் பண்ற ஆளு ஒருத்தரு நம்ம தெருவுல பெரிய வீட்டுச் சாமான் பாக்க வந்தவரு இதையும் பாத்துட்டு நல்ல வெலை தர்றேன்னாரு, ஏதோ ஓட்டல்காரவுக முத்தத்துல அலங்காரத்துக்கு நிறுத்தி வைக்கணுமாம், தொட்டியில பூச்செடி வச்சு. ஓடுற சைக்கிளுக்கு எதுக்குய்யா பூச்செடின்னு அனுப்பி வச்சுட்டேன். அப்ப அது ஓடல, அது வேற விஷயம்.

கோழி அதுமேல அடைஞ்சு அடைஞ்சு சீட்டெல்லாம் போச்சு, டயரு வெடிச்சு நூலு தெரிஞ்சுச்சு, செயினு துருப்புடிச்சு மடக்குனா மடங்காம கம்பி கணக்கா நின்னுச்சு. கடைவீதி சைக்கிள் கடை அண்ணன் கிட்ட கொண்டு போனா, இத ஓவராலிங் பண்ற காசுக்குப் பாதி புது சைக்கிள் வாங்கிரலாம் தங்கச்சின்னாரு. எனக்கு வேண்டியது புது சைக்கிள் இல்ல அண்ணேன்னேன். அப்பறம் அவரே ஸ்பேனர் செட்டு இரவல் குடுத்து எப்படி எப்படின்னு சொல்லிக் குடுத்தாரு, நானேதான் பண்ணேன்.

கஷ்டம்னா காட்டர் பின்னுதான் பாப்பா. பெடலு மாட்டுற கிராங்க ஆக்சிலோட சேத்து இறுக்கிப் பிடிச்சிருக்கும்ல சின்ன ஆப்பு மாதிரி, அது அத்தன வருசத்துல இரும்போட இரும்பா ஒட்டிப் போச்சு. மண்ணெண்ணெய ஊத்தி ஊத்தி ஊறப்போட்டேன். அசையல. அண்ணன் சொன்னாரு, நட்ட முழுசா கழட்டாத, முனையில கொஞ்சம் நிக்கட்டும், இல்லைன்னா அடிக்கிற அடியில மரையே நசுங்கிப் போகும், கிராங்குக்கு அடியில இரும்புப் பைப்ப முட்டுக் குடுத்துட்டு அடி, இல்லைன்னா அடி பூராம் உள்ள குண்டு சுத்துற பால்ரசுக்குப் போயிரும்னு. அப்படி முட்டுக் குடுத்து ஒரே போடு போட்டேன், டங்குன்னு எறங்கிருச்சு. அப்பா திண்ணையில இருந்து எட்டிப் பாத்தாக, பேப்பர மடிச்சு வச்சாக. அதுக்கப்பறம் அவுகளும் சிரிக்கல. இன்னொண்ணு, எடப்பக்கத்துப் பெடலு திருப்பிப் போட்ட மரை, எல்லாத்தையும் போல கழட்டப் போனா இன்னும் இறுகும். நீ அங்க ஏதும் கழட்ட வேண்டி வந்தா ஞாபகம் வச்சுக்க. பலத்துல ஒண்ணும் இல்ல, எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரியணும்.

பின்னாடி வீல்ல பக்கத்துக்கு ஒம்போது குண்டு, கால் இஞ்சி. முன்னாடி வீலுக்கு அதவிட சின்னது, பக்கத்துக்கு பத்து. கிண்ணத்துல கிரீசு வச்சு அதுல ஒவ்வொண்ணா ஒட்ட வச்சு கோன் போட்டு மூடணும். கோன ரொம்ப இறுக்குனா வீலு சுத்தாது, ரொம்ப லூசா விட்டா ஆடும், கையால சுத்தி விட்டுப் பாத்துப் பாத்துத்தான் வைக்கணும், எனக்கு அதுல பொறுமை வந்துச்சு, வேற எதுலயும் இப்ப வரல. ரிம்மு கோட்டம் எடுக்குறதும் நானேதான். சைக்கிள தலைகீழா நிறுத்தி வீலு மாட்டிருக்க கவட்டையில சாக்பீச ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு வீல சுத்துனா, எங்க கோட்டமோ அங்க மட்டும் கோடு விழும், அந்த எடத்துல எதிர்ப்பக்கத்து கம்பி நிப்பிள கால் திருப்பு இறுக்கணும். முன்னாடி 32 கம்பி பின்னாடி 40 கம்பி, ஒண்ண இறுக்குனா பக்கத்துல ஒண்ணு பேசும். பின் வீல் பல்சக்கரம், ப்ரீவீல், அது மட்டும் தேறல, உள்ள ஸ்பிரிங்கு முறிஞ்சு ரெண்டு பக்கமும் சும்மா சுத்துச்சு. பழசு 18 பல்லு, நான் 20 பல்லா வாங்கிப் போட்டுட்டேன், வேகம் கொஞ்சம் கொறையும், ஆனா அங்க பல்லாவரத்துல பாலம் ஏறுறப்ப மிதிக்க லேசா இருக்கும், முன்னாடி குட்டி வேற உக்காந்திருப்பா.

பெயிண்டு சீக்கிரம் முடிஞ்சுது, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, மேல எனாமல். கலர் கண்டாங்கி கலர்தான், அரக்கு ஒடம்பு, மட்காடுல மஞ்சக் கோடு, அப்பத்தாவோட அந்தச் சேலை இருக்குல்ல அத வச்சுக்கிட்டே பெயிண்டுக் கடையில கலர் கேட்டேன். கோடு நேரா வரல, பரவால்ல. சீட்டு புதுசு, ஸ்பிரிங்கு வச்சது. முன்னாடி கூடை மாட்டியாச்சு. ஷாலு சிக்காம இருக்க பின் வீலுக்கு ரெண்டு பக்கமும் வலை கட்டிருக்கேன், ஆனாலும் ஷால முடிச்சுப் போட்டுக்கிட்டு ஓட்டு. பழைய டைனமோ இழுக்குது, அத எடுத்துட்டு பேட்டரி லைட்டு போட்டுருக்கேன்.

பார் மேல குட்டிக்கு சீட்டு ஒண்ணு அப்பா செஞ்சாக. நான் கேக்கல. இடிச்ச வீட்டுல நெலைக்கதவுல இருந்து எடுத்து வச்சிருந்தாகல்ல பர்மாத் தேக்கு துண்டு, யாருக்கும் குடுக்காம பரண்லயே வச்சிருந்தாகளே, அத எடுத்து இழைச்சு ஓரமெல்லாம் மழுங்கடிச்சு, கால் வைக்க கீழ கம்பியும் வளைச்சு வச்சிருக்காக. உன்ன வச்சு கடியாபட்டிக்கு ஓட்டிட்டுப் போவேன்ல, அப்ப வெறும் பார்ல துண்ட சுத்தித்தான் உக்கார வப்பேன், எறங்குனதும் காலு மரத்துப் போச்சுன்னு அழுவ. லேடீஸ் சைக்கிளா இருந்தா அந்தப் பாரே இருந்திருக்காது. 1991ல எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்த அறிவொளி இயக்கத்துல சைக்கிள் பழகுனப்ப லேடீஸ் சைக்கிள் கடையில கெடைக்கவே இல்ல, ஜெண்ட்ஸ் சைக்கிள்தான் கெடைச்சுது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்த நேரம், லோனு போட்டுக் குடுத்தாக, புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு லட்சம் பொம்பளைக்கு மேல பழகுனோம், கல்லு ஒடைக்கிறவ, நர்சு, டீச்சரு, வயசான ஆளு, எல்லாரும் சேலைய தூக்கிச் செருகிக்கிட்டு. ஊரு என்ன பேசுச்சுன்னு உனக்குத் தெரியும். அப்பத்தாவும் அரிசிப்பானையும் தெரியும், அத நான் திருப்பி எழுதல. அன்னைக்கு அப்பா மட்டும் அந்தப் பானைய கவுக்கலைன்னா நான் அங்கன்வாடி வேலைக்கும் போயிருக்க மாட்டேன் ஒண்ணும் போயிருக்க மாட்டேன். எல்லா வீட்டுலயும் பானைய கவுக்குற ஆளு இருக்க மாட்டாகல்ல.

மாப்பிள்ளைய நான் ஒண்ணும் சொல்லல. குடி கெடையாது, சிகரெட்டு கெடையாது, பெரியவுகன்னா எந்திரிச்சு நிப்பாரு. போன தடவ வந்தப்ப நீ தண்ணி குடிக்கப் போறதுக்கே அவர் முகத்தப் பாத்துட்டுப் போன, எனக்குத்தான் அப்படித் தோணிருக்கும், கண்ணாடிய மாத்தணும்.

செயினுக்கு வாரம் ஒரு தடவ எண்ணெய் போடு, தையல் மிசின் எண்ணெயே போதும், தேங்கா எண்ணெய் ஊத்திராத, பிசுக்குப் புடிச்சு மண்ணு ஒட்டும். மழையில ராடு பிரேக்க நம்பாத, ஸ்டீல் ரிம்மு நனைஞ்சா கட்டை வழுக்கும், முன்னாடியே புடிக்க ஆரம்பிச்சிரு. காத்து கொறையாம பாத்துக்க. காய்கறிக்கு நீயே போ. யாரு வாங்கிட்டு வந்தாலும் வரட்டும், நீயும் ஒரு நடை போயிட்டு வா, குட்டிய வச்சுக்கிட்டு சும்மா ஒரு சுத்து. செயினுக்கு எண்ணெய் மறந்துராத. பூட்டுக்கு ரெண்டு சாவி, ரெண்டையும் உனக்கே அனுப்புறேன், வாசல் ஆணியில மாட்டாத, உன் பர்சுலயே வச்சுக்க. சீட்டுக்குப் பின்னாடி ஸ்பேனர் வைக்கிற தோல் பை ஒண்ணு தொங்கும், அதுல ஸ்பேனருக்கு அடியில ஒரு கவரு இருக்கு. அது உனக்கு. குட்டிக்கும் இல்ல, வீட்டுச் செலவுக்கும் இல்ல, எனக்குக் கணக்கும் சொல்ல வேண்டாம்.

ஆடிட்டர் ஆபீசுல இருந்து உன் கூட வேலை பாத்த பொண்ணு போன் பண்ணுச்சு, நல்லா இருக்காளான்னு கேட்டுச்சு, நல்லா இருக்கான்னேன். இன்னும் உன் எடத்துக்கு சரியான ஆளு வரலையாம். நான் சும்மா சொல்றேன். பி.காம்ல நீ வாங்குன மார்க்க இன்னும் அப்பா சைக்கிள் கடையில கூட சொல்றாக, எனக்குத்தான் கூச்சமா இருக்கு. மாசித் திருவிழாவுக்கும் வரல, பொங்கலுக்கும் வரல, லீவு இல்லன்னு சொன்னா நம்பலாம், வேலையே இல்லாதவளுக்கு என்னடி லீவு? கோவத்துல எழுதிட்டேன், அடிக்கல, அப்படியே இருக்கட்டும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சைக்கிள காரைக்குடியில பல்லவன் ரயில்ல ஏத்தி விடப் போறேன், வெள்ளன கெளம்புனா மத்தியானத்துக்கெல்லாம் எழும்பூர் வந்துரும். பார்சல் உன் பேருலதான் புக் பண்றேன். மாப்பிள்ளை பேருல இல்ல. ரசீதும் ஆதாரும் காமிச்சு நீயேதான் எடுக்கணும், வேற யாரையும் அனுப்பாத, லோக்கல் டிரெயின் புடிச்சு நீயே போ, ரசீத சித்தி மக கொண்டாந்து குடுப்பா. உன் ஆதார் உன்கிட்டதான இருக்கு? இருக்குன்னா அவகிட்ட இருக்குன்னு சொல்லி விடு. இல்லைன்னா அதையும் சொல்லி விடு, விளக்கம் ஒண்ணும் வேண்டாம், அப்பாவும் நானும் அதே வண்டியில சைக்கிளோட ஏறி வந்துர்றோம்.

அம்மா