பென்சிலால் எழுத ஓர் எண்

அன்பு மகள் செல்விக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். ஜப்பான் குளிருக்கு நீ வாங்கிய கோட்டின் படத்தை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள்.

உலகத்திலுள்ள மழைமானிகளின் வாயையெல்லாம் சேர்த்து வைத்தாலும் கால்பந்து மைதானத்தில் பாதிகூட வராது, அதனால்தான் செயற்கைக்கோளால் மழையை அளக்கிறோம் என்று போனில் சொன்னாய். முப்பது வருடம் காலை எட்டரை மணிக்குக் குடை பிடித்துப் போய் அளந்தவனுக்குக் கோபம் வராதா? பிறகு யோசித்தேன். கடலில் பெய்கிற மழையை யார் போய் அளப்பது? உன் தாத்தாவுக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை. மண்ணைக் கிளறி ஈரத்தைப் பார்த்து, "இரண்டு உழவு மழை" என்பார். கணக்கு முடிந்தது.

2014இல் தனேகஷிமா தீவிலிருந்து போன உங்கள் செயற்கைக்கோள், 400 கி.மீ.க்கும் மேலான உயரத்திலிருந்து ரேடாரால் மழையைக் கால் கிலோமீட்டர் தடிமனுக்கு அடுக்கடுக்காகப் பார்க்கிறது என்றாய். சரி. ஆனால் அது நம் ஊருக்கு மேலேயே நிற்பதில்லையே. ஒன்றரை மணி நேரத்தில் பூமியைச் சுற்றிவிட்டு வேறு ஊருக்கு மேல் போய்விடுகிறது. மற்ற நேரத்துக்கு வேறு செயற்கைக்கோள்கள். நிலத்தின்மேல் அவை பெரும்பாலும் மேகத்திலுள்ள பனித்துகள்களைப் பார்த்து, கீழே இவ்வளவு பெய்திருக்கும் என்று கணிக்கின்றன. அரை மணிக்கு ஒரு வரைபடம் போட்டாலும், இறுதிக் கணக்குக்கு மூன்று மாதத்துக்கு மேல் பொறுத்திருந்து மழைமானி அளவுகளை வாங்கித்தானே திருத்துகிறீர்கள்? அதைக் கேட்ட அன்று நான் இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

(இஸ்ரோவும் பிரான்சும் 2011இல் அனுப்பிய மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளில் மழை அளக்கும் கருவிக்குப் பெயரே மெட்ராஸ். 2013 தொடக்கத்தில் அது பழுதாகிவிட்டது. பெயர் ராசி என்கிறாள் அம்மா.)

அதற்காக எல்லா மழைமானியையும் நம்பிவிடாதே. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் அதன் தலைக்கு மேலேயே வேப்பங்கிளை. மழை விட்ட பிறகும் இலை சொட்டிக்கொண்டிருக்கும். கிளையை வெட்டச் சொல்லி நான் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17. மறுநாள் காலைக் கணக்கில் காயல்பட்டினம் 95 செ.மீ., பக்கத்திலிருக்கும் திருச்செந்தூர் 69, ஸ்ரீவைகுண்டம் 62. நம் முற்றத்து மழைமானியின் வாய் 200 சதுர செ.மீ., உள்ளே பத்து லிட்டர் கலம். 50 செ.மீ. மழைக்கு நிரம்பிவிடும். மாலை ஆறு மணிக்கு ஒருமுறை அளந்து கொட்டினேன். இரவு மறுபடி கொட்டியிருக்க வேண்டும். மின்சாரம் இல்லை, தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விடிந்து பார்த்தால் கலம் வழிந்து நிற்கிறது. நோட்டில் அன்றைய தேதிக்கு நேராக "அளவு தவறியது" என்று எழுதியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் அப்படி ஒரே ஒரு வரி.

அன்று இரவு உங்கள் வரைபடத்தில் நம் ஊர் இருக்கும் கட்டத்துக்கு உங்கள் கணக்கு என்ன சொல்கிறது என்று பார்த்து எழுது. உங்கள் கட்டம் பத்து கிலோமீட்டருக்குப் பத்து கிலோமீட்டர், நம் முற்றம் நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும். அது எனக்குத் தெரியும். அதனால் பென்சிலால்தான் எழுதிக்கொள்வேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா