அம்மாவுக்கு, கனடா பிராம்ப்டன்லேர்ந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லா இருக்கியா, மூட்டு வலி எப்படி இருக்கு, தம்பி வாங்கிட்டு வந்த தைலத்த ஒழுங்கா தேய்க்கிறியா. நாங்க இங்க நல்லாதான் இருக்கோம். தினமும் போன்ல பேசறவ இப்ப எதுக்கு லெட்டர் எழுதறான்னு நினைப்ப. போன்ல பேசும்போது உன் பக்கத்துல யாராவது உக்காந்துகிட்டே இருக்காங்க, நீயும் அப்பா பேர எடுத்தாலே அழுதுடற, நான் சொல்ல வந்தத இதுவரைக்கும் முழுசா சொல்லவே முடியல. அதான் எழுதறேன். யாரும் இல்லாதப்போ உக்காந்து படி.

இங்க குளிர் இப்ப மைனஸ் 18 வரைக்கும் போகுது. காலைல நான் வேலைக்கு கெளம்பும்போது இருட்டாதான் இருக்கும், பஸ் ஸ்டாப்புல நிக்கறதுக்குள்ள மூக்கு நுனி மரத்துப் போயிடும், ரோடு வழுக்கக்கூடாதுன்னு உப்ப கொட்டி வச்சிருப்பாங்க, ஷூ பூரா வெள்ளையா பூத்துப்போய் கெடக்கும். நம்ம கடலூர் முதுநகர் பக்கம் போனா வருமே அந்த உப்புக்காத்து வாசம், இங்க இவ்ளோ உப்பு இருந்தும் அது வரல. வேலை அதே முதியோர் ஹோம்லதான். வயசானவங்கள எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டணும். ஒரு இத்தாலிக்கார பாட்டி இருக்காங்க, யார் ஸ்பூன் நீட்டுனாலும் வாய தொறக்க மாட்டாங்க, நான் போய் பக்கத்துல உக்காந்து கொஞ்ச நேரம் கைய புடிச்சிகிட்டு இருந்தா அப்புறம் மெதுவா சாப்பிடுவாங்க. அப்பா இத பாத்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாரு, சம்பளம் எவ்ளோன்னு ஒரு நாளும் அவர் கேட்டதில்ல, அந்த பாட்டி இன்னிக்கு சாப்பிட்டாங்களான்னுதான் கேப்பாரு.

தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி தரிசனத்த யூடியூப்ல லைவா பாத்தோம்மா. அங்க காலைல 6 மணின்னா இங்க முந்தின நாள் ராத்திரி 7.30. உன் மாப்பிள்ளை, சின்னவன், நான் மூணு பேரும் தரையில உக்காந்து பாத்தோம். கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்புன்னு ஒவ்வொரு திரையா விலகும்போது சின்னவன் கூடவே கலர் பேர் சொல்லிகிட்டே வந்தான், போன லீவுல தாத்தா மடில உக்கார வச்சி சொல்லிக் குடுத்தது அப்படியே ஞாபகம் வச்சிருக்கான். எனக்கு அதுக்கு மேல ஸ்கிரீனே தெரியல, கண்ணு ரொம்பிடுச்சு.

மாசப் பூசத்துக்கு கடைய சாத்திட்டு நம்ம எல்லாரையும் கூட்டிகிட்டு போவாரே, ஞாபகம் இருக்கா. மளிகைக் கடைக்காரன் மாசத்துல ஒரு நாள் கடைய மூடுனா யாவாரம் என்னத்துக்கு ஆவும்னு பக்கத்து கடைக்காரர் கேப்பாரு, அப்பா சிரிச்சிட்டு அரிசி மூட்டைய பஸ்ல ஏத்துவாரு. நேரா ஜோதி காட்டற ஞான சபைக்கு போக மாட்டாரு, முதல்ல எல்லாருக்கும் சோறு போடற தருமசாலைதான். அந்த 21 அடி நீள அடுப்பு முன்னாடி என்னையும் தம்பியையும் நிக்க வச்சி, 1867ல வள்ளலார் ஐயா பத்த வச்ச நெருப்பு, இன்னி வரைக்கும் அணையல, இதுக்கு எடம் குடுத்தது ராஜாவும் இல்ல ஜமீன்தாரும் இல்ல, பார்வதிபுரம் ஊர்க்காரங்க 80 காணி எழுதிக் குடுத்தாங்கன்னு ஒவ்வொரு தடவையும் முதல் தடவ சொல்ற மாதிரியே சொல்லுவாரு. அப்புறம் வேட்டிய மடிச்சு கட்டிகிட்டு பூசணிக்கா வெட்ட உக்காந்துடுவாரு. பந்தியில பரிமாறும்போது யாருக்கும் குனியாம போட மாட்டாரு, "இன்னும் கொஞ்சம் வாங்கிக்குங்க"ன்னு கெஞ்சற மாதிரி கேப்பாரு, சாப்பிடறவங்கதான் தனக்கு ஏதோ உதவி பண்றாங்கங்கற மாதிரி இருக்கும் அவர் முகம். கடைசி பந்தியிலதான் அவர் உக்காருவாரு.

அவ்ளோ பக்தியா இருந்தவரு வீட்ல யாரையும் எதுக்கும் கட்டாயப்படுத்தல பாரு, அதுதான் எனக்கு இப்ப நினைக்க நினைக்க பெருசா தெரியுது. அவருக்கு கண்ணாடி விளக்குல எரியற ஜோதி மட்டும்தான் சாமி. ஆனா வெள்ளிக்கிழமை சாயந்தரம் கடைய தம்பிகிட்ட விட்டுட்டு உன்ன பாடலீஸ்வரர் கோயிலுக்கு கூட்டிகிட்டு வந்து, நீ உள்ள போய் அம்மன கும்பிட்டுட்டு வர்ற வரைக்கும் வெளியில உன் செருப்புக்கு பக்கத்துல உக்காந்திருப்பாரு. நீ குங்குமம் கொண்டாந்து நீட்டுனா நெத்திய காட்டுவாரு. கடைய சாத்திட்டு வரும்போது வாழை இலையில கட்டுன மல்லிப்பூ இல்லாம என்னிக்காவது வந்திருக்காரா? உங்களுக்குள்ள சண்டையா இருந்தாலும் பூ வரும், பேசாம ஜன்னல்ல வச்சிட்டு போவாரு, நீயும் பேசாம எடுத்து வச்சிக்குவ.

தானே புயல் அன்னிக்கு பண்ணத நான் இங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். 2011 டிசம்பர் 30, ராத்திரி பூரா காத்து பேய் மாதிரி அடிச்சி, விடிஞ்சி கதவ தொறந்தா தெருவே அடையாளம் தெரியல, நம்ம முருங்க மரம் எதிர் வீட்டு ஓட்டு மேல கெடந்துது. பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சிட்டதா சொன்னாங்க. கரண்ட் நாள் கணக்குல இல்ல. ஊர்ல மெழுகுவர்த்திய எவ்ளோ விலைக்கு வித்தாங்கன்னு உனக்கே தெரியும், அப்பா ஒட்டியிருந்த விலைக்கு மேல ஒரு பைசா வாங்கல. கடையில இருந்த அரிசிய எடுத்து, செங்கல்ல அடுப்பு கூட்டி, ஈர வெறகு பத்தாம நீ ஊதி ஊதி கண்ணெல்லாம் செவந்து போயி, நொய்யும் பாசிப்பருப்பும் போட்டு கஞ்சி காச்சினீங்க. அந்த அண்டாவுல அடி புடிக்காம நீ துழாவுன கை எனக்கு இன்னும் தெரியுது. அப்பா தெருமுனையில நின்னு வர்றவங்க போறவங்கள எல்லாம் கூப்பிட்டாரு. ஊர்ல எல்லாரும் அவரு பண்ணாருன்னுதான் சொல்றாங்க, ஆனா அவரு மட்டும் "உங்க அம்மாதான்டா கஞ்சி காச்சுனா"ன்னு கடைசி வரைக்கும் சொல்லிகிட்டு இருந்தாரு.

இங்க சீக்கியங்க கோயில், குருத்வாராவுக்கு ஞாயித்துக்கெழம போறேன்னு சொன்னேன்ல. மதம் மாறிட்டாளான்னு சித்தி கேட்டுச்சாம், தம்பி சொன்னான். அதெல்லாம் இல்லம்மா. அங்க லங்கர்னு சொல்லுவாங்க, யார் வேணா போய் சாப்பிடலாம், என்ன ஜாதி என்ன நாடுன்னு ஒரு கேள்வி கெடையாது. குருநானக் காலத்துலேர்ந்து 500 வருஷமா நடக்குது. தலைய துணியால மூடிக்கணும், எல்லாரும் தரையில வரிசையா உக்காரணும், ரொட்டிய ரெண்டு கையையும் ஏந்திதான் வாங்கணும். சைவ சாப்பாடுதான், தால், சப்ஜி, கீர். படிக்க வந்த பசங்க நிறைய பேரு, வாடகை கட்டிட்டு கையில ஒண்ணும் இல்லாம, அங்கதான் வயிறார சாப்பிட்டுட்டு போறாங்க, நம்ம ஊர் பசங்களும் இருக்காங்க. நான் ரொட்டி தேய்க்கற எடத்துல உக்காந்துடுவேன். முதல் நாள் என் ரொட்டி ஒண்ணும் வட்டமா வரல, பக்கத்துல இருந்த பஞ்சாபி அம்மா என் கை மேல கைய வச்சி தேய்ச்சி காட்டுனாங்க. அப்பாவுக்கு போன்ல சொன்னப்போ எவ்ளோ சந்தோஷம் அவருக்கு, "அங்கயும் அடுப்பு எரியுதா, அப்ப நீ தனியா இல்ல"ன்னாரு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்மா. வர்ற மாசி மாசம் தலை திவசத்துக்கு ஐயர சொல்லி வச்சாச்சுன்னு பெரியப்பா வீட்ல சொன்னாங்களாம். அப்பா என்ன சொல்லிட்டு போனாருன்னு உனக்கு தெரியும். எரிக்க வேண்டாம், புதைங்க, கருமாதி திதி வேண்டாம், இல்லாதவங்களுக்கு சோறு போடுங்க. வள்ளலார் ஐயா சொன்னதுதான் அது. புதைக்கறதுக்கே தம்பி எவ்ளோ பேர்கிட்ட மல்லுக்கட்டுனான். நான் பிளைட் புடிச்சி வந்து சேர்றதுக்குள்ள அது முடிஞ்சிருந்துது, ஆனா அதுக்கப்புறம் நடந்தத நான் கண்ணால பாத்தேன். பதினாறாம் நாள் உன்ன நடுவுல உக்கார வச்சி சொந்தக்காரங்க தாலிய வாங்குனதும், பொட்ட அழிச்சதும், பூவ எடுத்ததும். நீ வேணாம்னும் சொல்லல வேணும்னும் சொல்லல. எனக்கு இன்னும் ஆறலம்மா. புருஷன் செத்தா பொண்டாட்டிகிட்ட தாலிய வாங்காதீங்கன்னு 150 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஜில்லாவுல, மருதூர்ல பொறந்த மனுஷன் சொல்லியிருக்காரு. அப்பா அத நம்ம கூடத்துல உக்காந்து எத்தன தடவ சொல்லியிருக்காரு, உன் மூஞ்சிய பாத்து சொல்லுவாரு, நீ "வாய கழுவுங்க"ன்னு எந்திரிச்சி போயிடுவ. அவரு உனக்காகத்தான் சொன்னாரு. தான் போன பிறகு உன்ன யாரும் மூலையில உக்கார வச்சிடக் கூடாதுன்னு.

வீடியோ கால்ல உன் நெத்திய பாக்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம் வர்றத விட அவர் சொன்னத நாம யாரும் கேக்கலையேங்கறதுதான் வருது. யார் என்ன சொல்லுவாங்களோன்னு நீ பயப்படுவ. சொல்லட்டும், அவங்க ரெண்டு நாள் பேசுவாங்க. உனக்கு பிடிக்கலன்னா வேற, அது உன் இஷ்டம், நான் கட்டாயப்படுத்தல. ஆனா ஊருக்காக வேணாம்னு இருந்தா, அது வேணாம்மா.

திவசம் வேணாம்னு பெரியப்பாகிட்ட நானே போன் பண்ணி சொல்றேன், அவரு நல்லவருதான், கேப்பாரு. அதுக்கு பதிலா அன்னிக்கு தருமசாலையில சோறு போடுவோம், தம்பி அக்கவுண்டுல பணம் போட்டிருக்கேன், அரிசி, பருப்பு, பூசணிக்கா எல்லாம் நம்ம கடையிலேர்ந்தே எடுத்துக்குங்க, வெறகுக்கு மட்டும் தனியா பணம் கட்டணுமான்னு தருமசாலையில கேட்டுக்க சொல்லு. அன்னிக்கு நீயும் போ, போட்டோ எடுத்துக்கறதுக்குன்னு சும்மா போகாத, நீயே கரண்டிய புடிச்சி ஒரு பந்தி பரிமாறு. அந்த மயில் கழுத்து கலர் புடவைய கட்டிக்க, அப்பா தீபாவளிக்கு எடுத்தது, இன்னும் மடிப்பு கலையாம பீரோவுல இருக்குன்னு தம்பி பொண்டாட்டி சொன்னா. போற வழியில மார்க்கெட்டுல ரெண்டு மொழம் பூ வாங்கி வச்சிக்க. பொட்டும் வச்சிக்கிட்டு போம்மா.

சின்னவன் பாட்டிக்கு முத்தம் சொல்ல சொன்னான். உன் மாப்பிள்ளையும் கேட்டதா சொன்னாரு. மாத்திரைய விடாம போடு.

உன் மக