சக்கரத்துக்குக் கல் வைத்த அண்ணனுக்கு நன்றி

மே மாதம் குடும்பத்தோடு பூம்பாறை போயிருந்தோம். குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டுக் கொடைக்கானல் திரும்பும்போது ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. மூடுபனி வேறு. பிரேக்கை விட்டால் பின்னால் சரிகிறது, பின்சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும்.

பூண்டு மூட்டையோடு வந்த நீங்கள் சுமையை இறக்கிவிட்டு, எதுவும் பேசாமல் பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்தீர்கள். அப்புறம்தான், “பதறாம முதல் கியர்ல எடுங்க தம்பி” என்றீர்கள்.

காசு நீட்டினேன், வாங்கவில்லை. பதிலுக்கு ஒரு கொத்து மலைப்பூண்டை அம்மா மடியில் போட்டீர்கள். (2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது என்று வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.)

பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கொத்து அடுப்படியில் தொங்குகிறது. ரசத்துக்கு உரிக்கும்போதெல்லாம் அம்மாவுக்கு உங்கள் பேச்சுதான். ரொம்ப நன்றி அண்ணே.